மஞ்சள் ஸ்டிக்கர் உணவுப்பொருட்கள்: பிரிட்டனில் வாழ்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், அஸ்டா, மோரிசன்ஸ், கோ-ஆப் என்று பிரிட்டனின் எந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும், தேதி முடியப்போகும் உணவுப்பொருட்களின் விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பதைக் காணலாம். சில கடைகளில் அந்த ஸ்டிக்கர் வேறு நிறத்தில் இருக்கும், முறை ஒன்றுதான். முதலில் சிறிதளவு குறைப்பார்கள், பிறகு பாதியாக்குவார்கள், கடை மூடும் நேரம் நெருங்கும்போது முக்கால் பங்குவரைகூடக் குறைவதுண்டு. படிக்க வந்து ஓர் அறையில் தங்கியிருக்கும் மாணவருக்கும், வாடகை போக மிஞ்சியதில் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்துக்கும் இது பெரிய கை கொடுப்பு. வெட்கப்பட இதில் எதுவுமே இல்லை. நேற்று முழு விலைக்கு விற்ற அதே பொருள்தான் இன்று குறைந்த விலைக்கு வருகிறது.

ஆனால் ஸ்டிக்கரைப் பார்த்த கணத்திலேயே பணம் மிச்சமாகிவிடுவதில்லை. பாதி விலைக்கு வாங்கிய கோழி இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்து குப்பைக்குப் போனால், கொடுத்த காசு முழுவதும் நட்டம். பொருளை வாங்கி வந்த அன்றிரவு சமையலறையில் செய்கிற அரைமணி நேர வேலைதான் மிச்சத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கடையில் செய்ய வேண்டியவற்றைச் சொல்வதோடு நில்லாமல், வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்கும் இந்த வழிகாட்டி நிறைய இடம் கொடுக்கிறது.

முதல் படி: தேதியைச் சரியாகப் படியுங்கள்

பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தேதிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. இந்த வேறுபாடு தெரியாததால்தான் ஒரு வீட்டில் நல்ல பொருளைத் தூக்கி எறிகிறார்கள், இன்னொரு வீட்டில் ஆபத்தான பொருளைச் சமைத்துப் போடுகிறார்கள்.

‘யூஸ் பை’ என்று போட்டிருந்தால் அது உணவுப் பாதுகாப்பைக் குறிக்கும் தேதி. பச்சை இறைச்சி, மீன், சமைத்துத் துண்டு போட்ட இறைச்சி, மென்மையான சீஸ் வகைகள், ரெடி மீல்கள், பையில் வரும் சாலட் இலைகள் போன்றவற்றில் இதைப் பார்ப்பீர்கள். அந்தத் தேதியின் நள்ளிரவு வரை அவற்றைச் சமைக்கலாம், உண்ணலாம், ஃப்ரீசரில் வைக்கலாம். நள்ளிரவு தாண்டியபின் முகர்ந்து பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். லிஸ்டீரியா போன்ற கிருமிகள் ஃப்ரிட்ஜின் குளிரிலேயே பெருகக்கூடியவை. அவை பெருகிய உணவின் மணமோ நிறமோ மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யூஸ் பை தேதி கடந்த உணவை விற்பது பிரிட்டனில் குற்றம் என்பதிலிருந்தே அதன் தீவிரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரத்தைப் பற்றிய தேதி. அரிசி, பருப்பு, மாவு, பிஸ்கட், டின் உணவுகள், உறைந்த உணவுகள், ரொட்டி, கெட்டியான சீஸ் ஆகியவற்றில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அந்த நாள் கடந்தால் பிஸ்கட்டின் மொறுமொறுப்பும் மசாலாத் தூளின் வாசமும் குறையலாம்; முறைப்படி பாதுகாத்து வைத்த உணவு அதனாலேயே ஆபத்தாகிவிடுவதில்லை. தேதி கடந்த பிறகும் இவற்றை விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. தமிழ்க் கடைகளில் மூலையில் ஒரு பெட்டியில் குறைந்த விலைக்குப் போட்டு வைத்திருக்கும் ரவை, சேமியா, அப்பளம், மசாலாப் பாக்கெட்டுகள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. வண்டு, ஈரம், சிக்கு வாடை இவை இல்லாவிட்டால் தயங்காமல் வாங்கலாம்.

முட்டையிலும் பெஸ்ட் பிஃபோர் தேதியே இருக்கும். நன்றாக வேகவைத்து உண்பதானால் தேதி கடந்து ஓரிரு நாள் வரை பயன்படுத்தலாம் என்பது இந்நாட்டின் உணவுத் தர நிர்ணய முகமையின் அறிவுரை. அரைவேக்காட்டு முட்டைக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள்.

‘டிஸ்ப்ளே அன்டில்’ என்ற மூன்றாவது ஒன்றும் சில பொருட்களில் தென்படும். அது கடை ஊழியர்களுக்கான குறிப்பு மட்டுமே. நீங்கள் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

அண்மை ஆண்டுகளில் இந்தத் தேதிகள் சற்றே மாறியிருக்கின்றன. மோரிசன்ஸ் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் சொந்த பிராண்டுப் பாலின் பெரும்பகுதியில் யூஸ் பை தேதியை நீக்கிவிட்டு பெஸ்ட் பிஃபோர் தேதியைப் போடத் தொடங்கியது. அதே ஆண்டில் கோ-ஆப் தன் தயிர் வகைகளிலும் இம்மாற்றத்தைச் செய்தது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரும் வெய்ட்ரோஸும் பல காய்கறி பழங்களிலிருந்து பெஸ்ட் பிஃபோர் தேதியையே எடுத்துவிட்டன. எனவே ‘பால் என்றால் இந்தத் தேதிதான்’ என்று பழைய நினைவில் இருந்துவிடாமல், ஒவ்வொரு முறையும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து எந்த வகைத் தேதி என்று படித்துக்கொள்ள வேண்டும். கண் தேதியின் எண்ணுக்குப் போவதற்கு முன்னால் அதன் மேலே உள்ள சொற்களுக்குப் போகட்டும்.

வீட்டில் கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டிய பெரியவர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் யாரேனும் இருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. புகையூட்டிய சால்மன் போன்ற, சமைக்காமல் அப்படியே உண்ணும் மீன் வகைகளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவர்களுக்கு அப்படியே கொடுக்கக் கூடாது. ஆவி பறக்கச் சமைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய பொருளில் மட்டுமன்றிப் புதிதாக வந்த பொருளிலும் அவர்களுக்கு இதே விதிதான்.

இரண்டாம் படி: கடைக்குப் போகும் முன் வீட்டைத் தயார்செய்யுங்கள்

ஃப்ரிட்ஜின் உள்வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். வாடகை வீடுகளில் உள்ள பழைய ஃப்ரிட்ஜ்களில் 1 முதல் 5 வரை எண் போட்ட குமிழ்தான் இருக்கும். அந்த எண்கள் வெப்பநிலையைக் குறிப்பவை அல்ல. சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் ஊகம் தேவைப்படாது. ஃப்ரிட்ஜில் கதவுப் பகுதிதான் வெப்பம் கூடிய இடம். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று அங்கேதான் முதலில் படும். தேதி நெருங்கிய பாலை அங்கே வைப்பதைவிட உள்தட்டில் வைப்பது நல்லது.

அடுத்தது ஃப்ரீசரில் இடம். ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் மாணவர் வீட்டில் உங்களுக்கென்று ஒரே ஒரு இழுப்பறைதான் கிடைக்கும் என்றால், அந்த இழுப்பறை கொள்ளுமளவுக்கு மேல் இறைச்சி வாங்குவதில் பொருளில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவையுங்கள். எடுக்கும்போது அடியுங்கள், வைக்கும்போது எழுதுங்கள். கடைக்குப் போகும் நாளில் அந்தத் தாளைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால், ஏற்கெனவே மூன்று பொதி இருக்கும் கோழியை நான்காம் முறையாக வாங்க மாட்டீர்கள்.

ஃப்ரீசர் பைகள், தண்ணீரில் அழியாத மார்க்கர் பேனா, ஒட்டும் தாள் ஆகியவை எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

மூன்றாம் படி: நேரம் அறிந்து செல்லுங்கள்

விலைக்குறைப்பு எத்தனை மணிக்கு நடக்கும் என்பதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான அட்டவணை எதுவும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளுக்கிடையே கூட அது வேறுபடும். பொதுவாகக் காலையில் முதல் குறைப்பும், பிற்பகலிலோ மாலையிலோ அடுத்த குறைப்பும், கடை மூடுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பாக இறுதிக் குறைப்பும் நடக்கும். உங்கள் பகுதிக் கடையின் வழக்கத்தை அறிய நேரடியான வழி, கையில் சிறிய அச்சு இயந்திரத்தோடு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊழியரிடமே பணிவாகக் கேட்பதுதான். பெரும்பாலோர் மகிழ்ச்சியாகவே சொல்வார்கள்.

நாள் கணக்கில் மிக முக்கியமானது ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம். அதனால்தான் பெரிய கடைகள் மாலை 4 அல்லது 5 மணிக்கே மூடிவிடுகின்றன. மற்ற நாட்களில் இரவில் நடக்கும் இறுதிக் குறைப்பு ஞாயிறன்று பிற்பகலிலேயே வந்துவிடும் என்பதால், குழந்தைகளை வைத்துக்கொண்டு இரவில் வெளியே போக முடியாதவர்களுக்கு இதுவே பொருத்தமான நாள். தெருமுனைச் சிறு கிளைகள் அந்த அளவுக்குக் குறைவானவை. அவை வழக்கம்போல் இரவு வரை திறந்திருக்கும். ஸ்காட்லாந்தில் இந்தக் கட்டுப்பாடே கிடையாது. வட அயர்லாந்தில் பெரிய கடைகள் ஞாயிறன்று பிற்பகல் 1 மணி முதல் 6 மணி வரை மட்டுமே திறக்கலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்துமஸ் அன்றும் ஈஸ்டர் ஞாயிறன்றும் பெரிய கடைகள் திறக்கவே கூடாது. எனவே முந்தைய நாள் மாலை, மறுநாள் தேதி போட்ட பொருட்களையும் சேர்த்தே தள்ளிவிட வேண்டிய நிலை கடைக்கு ஏற்படும். டிசம்பர் 24ஆம் தேதி பிற்பகலில் காய்கறிகளும் இறைச்சியும் ஆண்டின் வேறெந்த நாளையும் விட மலிவாகக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. கூட்டமும் அதற்கேற்பவே இருக்கும்.

இதற்கென்றே தனியாகப் பேருந்து ஏறிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலையிலிருந்து திரும்பும் வழியில், அல்லது வழக்கமான மளிகை வாங்கும் நாளின் நேரத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு போவதே போதும். பயணச்செலவும் அலைச்சலும் சேர்ந்தால் குறைந்த விலையின் பயன் பெருமளவு கரைந்துவிடும்.

நான்காம் படி: கடைக்குள் தேர்ந்தெடுக்கும் முறை

குறைந்த விலைப் பொருட்களுக்கென்று ஒரு தனி அலமாரி அல்லது குளிர்பெட்டியின் ஓரப்பகுதி இருக்கும். எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். அதைப் பார்த்தபின் வழக்கமான வரிசைகளையும் ஒரு நடை பார்த்து வாருங்கள். இறைச்சி வரிசையிலும் பால் வரிசையிலும் இடம் மாற்றப்படாத ஸ்டிக்கர் பொருட்கள் பின்பக்கம் நின்றுகொண்டிருக்கும். கடையிலேயே சுட்ட ரொட்டி, பன் வகைகளின் விலை மாலையில் வெகுவாகக் குறையும்.

கையில் எடுத்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஸ்டிக்கர் இல்லாவிட்டால் இதை நான் வாங்குவேனா? வாங்க மாட்டேன் என்றால் வைத்துவிடுங்கள். 4 பவுண்டு சீஸ்கேக் 2 பவுண்டுக்கு வந்ததால் 2 பவுண்டு மிச்சம் என்பது தவறான கணக்கு. சீஸ்கேக் உங்கள் பட்டியலில் இல்லை என்றால் 2 பவுண்டு செலவு. விருந்தாளி வருவதால் இனிப்பு வாங்கத்தான் வேண்டும் என்றிருந்தால் அது வேறு.

இரண்டாவது, கிலோ விலையை ஒப்பிடுங்கள். வழக்கமான வரிசையின் விலைச்சீட்டில் சிறிய எழுத்தில் 100 கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். பெயர்பெற்ற பிராண்டின் குறைத்த விலையைக் காட்டிலும், அதே கடையின் சொந்த பிராண்டு முழு விலையிலேயே மலிவாக இருப்பது சாதாரணமாக நடக்கும். ஓர் எடுத்துக்காட்டாக, 400 கிராம் ஆட்டுக் கொத்துக்கறி 5 பவுண்டிலிருந்து 3 பவுண்டு 75 பென்ஸுக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 9 பவுண்டுக்குச் சற்று மேல் வருகிறது. உங்கள் தெருவின் ஹலால் இறைச்சிக் கடையில் அதே கறி கிலோ 9 பவுண்டுக்குக் கிடைத்தால் இந்த ஸ்டிக்கரில் ஆதாயம் ஏதுமில்லை. டெஸ்கோவின் கிளப்கார்ட் விலை, செயின்ஸ்பரிஸின் நெக்டர் விலை ஆகியவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேதி நிறைய இருக்கும் புதிய பாக்கெட்டே உறுப்பினர் விலையில் ஏறத்தாழ அதே தொகைக்கு வரும் நாட்கள் உண்டு.

மூன்றாவது, பாக்கெட்டின் உடல்நிலை. இறைச்சிப் பாக்கெட்டின் மேல் படலம் கிழியாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். ஊதிப்போன பாக்கெட், ஒழுகும் தட்டு, உப்பிய டின், முனை நெளிந்த டின் ஆகியவற்றை எந்த விலையிலும் எடுக்காதீர்கள். குளிர்பெட்டிக்கு வெளியே யாரோ வைத்துவிட்டுப் போன கோழி தொடும்போது சில்லென்று இல்லையென்றால், அது அங்கே எவ்வளவு நேரம் இருந்ததென்று யாருக்கும் தெரியாது. கீரைப் பையில் இலைகள் வாடியிருப்பது பரவாயில்லை. பையின் அடியில் பழுப்பு நீர் தேங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

மீனிலும் இறாலிலும் ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும். ‘ஏற்கெனவே உறைய வைத்து உருக்கப்பட்டது, மீண்டும் உறைய வைக்க வேண்டாம்’ என்ற குறிப்பு பல பாக்கெட்டுகளிலும் மீன் பிரிவிலும் இருக்கும். அப்படியிருந்தால் ஃப்ரீசரை நம்பி வாங்காதீர்கள். அன்றிரவே குழம்பாகவோ தொக்காகவோ சமைத்துவிட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். சமைத்த குழம்பை ஆறவைத்து ஃப்ரீசரில் வைப்பதற்குத் தடையில்லை.

எதை விரும்பி வாங்க வேண்டும் என்று கேட்டால், என் வரிசை இப்படி இருக்கும். முதலில் கோழித் தொடையும் ஆட்டிறைச்சியும். வீட்டு மளிகையில் விலை கூடியவை இவைதான், நன்றாக உறையவும் செய்யும். அடுத்தது ரொட்டி, பால், தயிர். பிறகு சமைத்தால் சுருங்கும் கீரை, காளான், தக்காளி, கொத்தமல்லி. வெட்டிப் பெட்டியில் அடைத்த பழங்களையும் சாலட் பைகளையும் அன்றே உண்ண ஆள் இருந்தாலொழிய நான் பக்கத்திலேயே போக மாட்டேன். உறைய வைத்தால் அவை குழைந்துவிடும், ஃப்ரிட்ஜிலும் தாங்குவதில்லை.

கடையில் மற்றவர்களோடு நடந்துகொள்ளும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். ஊழியர் ஒட்டி முடிப்பதற்குள் அவர் கையிலிருந்து பறிப்பதும், இன்னும் குறைக்கப்படாத பொருளைத் தள்ளுவண்டியில் போட்டு வைத்துக்கொண்டு அடுத்த குறைப்புக்காகச் சுற்றி வருவதும் முறையல்ல. ஒரு பாக்கெட்டின் ஸ்டிக்கரைப் பிரித்து இன்னொன்றில் ஒட்டுவது மோசடிக் குற்றம். இருக்கும் ஆறு ரொட்டியையும் அள்ளாமல் தேவையானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவைப்பது, அந்த அலமாரியை நம்பி வாரத்தை ஓட்டும் இன்னொருவருக்கு நாம் செய்யும் உதவி.

ஐந்தாம் படி: பணம் செலுத்தும்போது

மஞ்சள் ஸ்டிக்கரில் பழைய விலை, புதிய விலை ஆகியவற்றுடன் ஒரு புதிய பார்கோடும் அச்சாகியிருக்கும். குறைந்த விலை அந்தப் புதிய பார்கோடில்தான் இருக்கிறது. செல்ஃப் செக்அவுட்டில் பாக்கெட்டை அவசரமாகக் காட்டும்போது இன்னொரு பக்கத்தில் மறையாமல் இருக்கும் பழைய பார்கோடு பதிவாகிவிட்டால் முழு விலை விழும். ஆகவே ஸ்டிக்கரின் பார்கோடு கண்ணாடியைப் பார்த்திருக்கும்படி பிடித்து, திரையில் தொகையைப் பார்த்த பிறகே பையில் போடுங்கள். தவறு நேர்ந்தால் அங்கேயே நிற்கும் ஊழியரை அழைத்துச் சொன்னால் திருத்திக் கொடுத்துவிடுவார். ரசீதைக் கடையை விட்டு வெளியேறும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம். கோடை காலத்தில் குளிர் தாங்கும் பை ஒன்று கையில் இருக்கட்டும். நேராக வீட்டுக்குப் போங்கள்.

ஆறாம் படி: அன்றிரவே செய்ய வேண்டியவை

யூஸ் பை தேதி அன்றே முடியும் ஒரு கிலோ கோழித் தொடையை இரவு 8 மணிக்கு வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவுக்குள் அது அடுப்புக்கோ ஃப்ரீசருக்கோ போயாக வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே இதில் கிடையாது.

முதலில், கோழியைக் கழுவாதீர்கள். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் என்பதை அறிவேன். ஆயினும் குழாய் நீர் பட்டுத் தெறிக்கும் துளிகளோடு கேம்பிலோபாக்டர் என்ற கிருமி தொட்டி, மேடை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு என எல்லா இடத்துக்கும் பரவும். அதைக் கொல்வது சமையலின் வெப்பம்தான், தண்ணீர் அல்ல. இங்கே பாக்கெட்டில் வரும் கோழி சுத்தம் செய்யப்பட்டே வருகிறது. ஈரம் இருந்தால் சமையலறைத் தாளால் ஒற்றி எடுத்து, அந்தத் தாளை உடனே குப்பையில் போட்டுவிடுங்கள்.

அடுத்து, ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரியுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்குக் கிலோவை இரண்டாகவும், தனியாக வாழ்பவருக்கு நான்கைந்தாகவும் பிரிக்கலாம். ஒரு பாதியை உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, தயிர் சேர்த்துப் பிசறி வையுங்கள். இது வறுவலுக்கோ பிரியாணிக்கோ ஆகும். மற்றப் பாதியை மசாலா சேர்க்காமல் வைத்தால் குழம்புக்கும் சூப்புக்கும் உதவும். பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, பையை உள்ளங்கையால் தட்டித் தட்டையாக்கி மூடுங்கள். தட்டையான பொதி விரைவில் உறையும், விரைவில் உருகும், இழுப்பறையில் புத்தகம்போல நிமிர்த்தி அடுக்கவும் வரும். பொருளின் பெயர், அளவு, உறைய வைத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். எழுதாத பொதி இரண்டு மாதம் கழித்து ஆடா கோழியா என்று தெரியாத பனிக்கட்டியாகக் கிடக்கும்.

உறைய வைப்பது கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறது. ஆகவே யூஸ் பை தேதிக்கு மேல் ஒரு நாள் ஆன இறைச்சியை ஃப்ரீசரில் வைத்து ‘காப்பாற்ற’ முடியாது.

பால் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. காய்ச்சவும் உறை ஊற்றவும் தெரிந்தவர்கள் நாம். நான்கு பைன்ட் என்று போட்டிருக்கும் பெரிய கேனில் 2.27 லிட்டர் பால் இருக்கும். தேதிக்குள் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றினால் ஒரு வாரத் தயிருக்குக் கவலையில்லை. கெட்டித் தயிர் வேண்டுமென்றால் முழுக் கொழுப்புப் பாலைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் வெறும் மேடையில் வைத்தால் உறையாது. விளக்கை மட்டும் போட்ட ஓவனுக்குள் பாத்திரத்தைத் துணி சுற்றி வைத்தால் காலைக்குள் உறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்துப் பனீர் எடுக்கலாம். பாலை அப்படியே உறைய வைப்பதானால், உறையும்போது விரியும் என்பதால் கேனிலிருந்து ஒரு குவளை ஊற்றி எடுத்துவிட்டு வையுங்கள். உருகிய பால் சற்றுத் திரிதிரியாகத் தெரியும். குலுக்கினால் சரியாகும், காபிக்கும் தேநீருக்கும் குறையில்லை.

ரொட்டியைத் துண்டு போட்ட நிலையில் உறைய வையுங்கள். உருக்காமலே டோஸ்டரில் போடலாம். இரண்டு நாளான ரொட்டியை உதிர்த்துச் செய்யும் ரொட்டி உப்புமா பிள்ளைகளுக்குப் பிடித்த மாலைச் சிற்றுண்டியாகிவிடும். கொத்தமல்லியைப் பச்சை மிளகாயோடும் தேங்காயோடும் அரைத்து ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி உறைய வைத்தால், தோசைக்கு இரண்டு கட்டி எடுத்து உருக்கிக்கொள்ளலாம். பையில் வரும் பேபி ஸ்பினாச் பாசிப்பருப்போடு கடைந்தால் அருமையான பருப்புக் கீரை. 240 கிராம் பை ஒன்று வெந்தபின் ஒரு கைப்பிடிதான் என்பதால் இரண்டு பை வாங்கத் தயங்க வேண்டாம். பழுத்துக் கனிந்த தக்காளியைத் தொக்காகவும், கறுத்த வாழைப்பழத்தை அரிசி மாவு, வெல்லம் சேர்த்துப் பணியாரமாகவும் மாற்றிவிடலாம்.

பிரித்த பாக்கெட்டுக்குத் தேதி மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘திறந்தபின் 3 நாட்களுக்குள் உண்ணவும்’ என்று போட்டிருந்தால், யூஸ் பை தேதி அடுத்த வாரம் என்றாலும் மூன்று நாள்தான்.

ஏழாம் படி: உருக்குவதும் சமைப்பதும்

உறைந்த இறைச்சியை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், நீர் ஒழுகாதபடி ஒரு பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். மேடையில் வைத்து உருக்கினால் உள்ளே உறைந்திருக்கும்போதே வெளிப்பகுதி வெப்பமேறிக் கிருமி பெருக இடம் கொடுக்கும். அவசரமென்றால் மைக்ரோவேவின் டீஃப்ராஸ்ட் அமைப்பில் உருக்கி உடனே சமைத்துவிட வேண்டும். உருகி முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். உருகிய பச்சை இறைச்சியைப் பச்சையாகவே மீண்டும் உறைய வைக்கக் கூடாது. குழம்பாகச் சமைத்த பிறகு வைக்கலாம். சமைக்கும்போது உள்பகுதி 70 டிகிரி வெப்பத்தில் 2 நிமிடமாவது இருந்தாக வேண்டும். நாம் செய்யும் குழம்பும் பிரட்டலும் கொதித்து வேகுபவை என்பதால் அதை எளிதாகத் தாண்டிவிடும். தந்தூரி முறையில் ஓவனில் சுடும்போதுதான் எலும்பை ஒட்டிய பகுதியை வெட்டிப் பார்க்க வேண்டும்.

சமைத்த மிச்சத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். சோற்றுக்கு மட்டும் விதி கடுமையானது: ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். அரிசியில் இருக்கக்கூடிய பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பினால் சோறு சீக்கிரம் ஆறும்.

செயலிகள் வழியாகக் கிடைப்பவை

டூ குட் டு கோ என்ற செயலி டென்மார்க்கில் தொடங்கி 2016இல் பிரிட்டனுக்கு வந்தது. கடைகளும் உணவகங்களும் அன்று மிஞ்சியவற்றை ஒரு பையில் போட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொடுக்கும். உள்ளே என்ன இருக்கும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்ணாத வீட்டுக்கும் சைவர்களுக்கும் இதில் சிக்கல் உண்டு என்பதால், பேக்கரிப் பைகளை அல்லது சைவம் என்று குறித்திருக்கும் பைகளை மட்டும் எடுப்பது நல்லது. ஓலியோ என்ற செயலியில் அக்கம்பக்கத்தார் தங்களிடம் கூடுதலாக உள்ளதை இலவசமாகவே தருகிறார்கள். டெஸ்கோ போன்ற கடைகளின் மிச்சத்தைத் தொண்டர்கள் எடுத்து வந்து அதில் பகிர்கிறார்கள். தேதியைப் பற்றி மேலே சொன்ன எல்லா விதியும் இலவசப் பொருளுக்கும் பொருந்தும்.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய கணக்கு

ஸ்டிக்கரில் ‘முன்பு, இப்போது’ என்று போட்டிருக்கும் இரு விலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பெரிய தொகை வரும். ஆனால் அது உங்கள் மிச்சத்தைக் காட்டாது. மாதத்தின் மொத்த மளிகைச் செலவை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து, மஞ்சள் ஸ்டிக்கர் வாங்கத் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களோடு ஒப்பிடுங்கள். செலவு குறைந்திருந்தால் முறை சரியாகப் போகிறது. குறையவில்லை என்றால் பட்டியலில் இல்லாத பொருட்கள் வண்டியில் ஏறுகின்றன, அல்லது வாங்கியவை வீணாகின்றன. எது என்பதைக் கண்டறிய அந்த மாதம் தூக்கி எறிந்தவற்றை ஃப்ரீசர் கதவில் ஒட்டிய தாளின் பின்பக்கத்தில் எழுதிவாருங்கள். ஒரே பொருள் இரண்டு முறை அந்தப் பட்டியலில் வந்துவிட்டால், அது அடுத்த முறை எவ்வளவு மலிவாக வந்தாலும் அலமாரியிலேயே இருக்கட்டும். மாதக் கடைசியில் ஒரு வாரம் புதிய இறைச்சி எதுவும் வாங்காமல், உறைந்திருப்பதில் பழைய தேதி கொண்டவற்றை முதலில் எடுத்துச் சமைத்து முடித்தால், அடுத்த மாத ஸ்டிக்கர்களுக்கு இழுப்பறையில் இடமும் கிடைத்துவிடும்.